அடிரொண்டாக் மலைகள்: இலை உதிர்ந்த பிறகும் நடக்க விரும்புகிறோம், ஸ்னோஷூ, உடை, நேரம் பற்றி ஆலோசனை தேவை

மேப்பிள்நிழல் (மொன்றியல்)
செப்டம்பர் 29

எல்லோருக்கும் வணக்கம். நானும் மனைவியும் என் தம்பியும் இந்தக் கோடையில் அடிரொண்டாக் ஹை பீக்ஸ் (உயர்ந்த சிகரங்கள் உள்ள) பகுதியில் நடக்கத் தொடங்கினோம். கேஸ்கேட், போர்ட்டர், பிக் ஸ்லைட் மூன்றும் ஏறியாயிற்று. இங்கிருந்து இரண்டு மணி நேரத்தில் லேக் பிளாசிட் போய்விடலாம் என்பதால் விடிய வெளிக்கிட்டு இரவு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். இப்போது கீன் பள்ளத்தாக்கில் மேப்பிள் முழுக்கச் சிவந்துவிட்டது. இந்த நிறம் கொட்டி முடிந்ததும் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு மே மாதம் வரை வீட்டுக்குள் இருப்பதுதான் எங்கள் ஆட்களின் வழக்கம். இந்த முறை அப்படி இருக்க எங்களுக்கு மனமில்லை.

நவம்பர் நடுவில் மார்சி ஏறலாம் என்று நினைக்கிறோம். நியூயார்க் மாநிலத்திலேயே உயரமான சிகரம், 5,344 அடி. அது சரியான திட்டமா? மைக்ரோஸ்பைக் (சப்பாத்தின் அடியில் மாட்டும் சிறு முள் சங்கிலி) மூன்று சோடி இருக்கிறது, ஸ்னோஷூவும் (பனியில் கால் புதையாமல் இருக்கக் கட்டும் அகலமான மிதியடி) வாங்கத்தான் வேண்டுமா? மனைவிக்குக் கைவிரல்கள் சீக்கிரம் விறைத்துவிடும், அதற்கு என்ன செய்யலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பனிப்பாதை (பிளாட்ஸ்பர்க்)
செப்டம்பர் 29

தொடர்ந்து நடக்கிறோம் என்று முடிவெடுத்ததற்கே வாழ்த்து. குளிர்காலத்தில்தான் இந்த மலைகள் முழு அழகோடு இருக்கும். ஆனால் மார்சியை நவம்பருக்கு வைக்காதீர்கள்.

முதல் காரணம் வெளிச்சம். பாதை தொடங்கும் அடிரொண்டாக் லாட்ஜ் விடுதி வாசலிலிருந்து மார்சி உச்சிக்கு 7.4 மைல். போய்வரக் கிட்டத்தட்ட 24 கிலோமீட்டர். கோடையில் அதை நிதானமாக நடக்கப் பத்து மணி நேரம் எடுப்பவர்கள் நிறையப் பேர். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போகும். அதன் பிறகு சாயங்காலம் ஏறக்குறைய 4:40க்கே சூரியன் மறைந்துவிடும், டிசம்பர் நடுவில் 4:20. காட்டுக்குள் அதற்கு அரை மணி நேரம் முன்பே இருட்டு.

இரண்டாவது காரணம் ஈரம். மக்கள் ஜனவரிக்குப் பயப்படுகிறார்கள், நவம்பரை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். ஜனவரியில் எல்லாம் உறைந்து காய்ந்து கிடக்கும், பனி உடையில் விழுந்தால் தட்டிவிட்டால் போதும். நவம்பரில் அப்படி இல்லை. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். லாட்ஜ் 2,180 அடியில் இருக்கிறது, மார்சி உச்சி அதற்கு மேல் ஏறக்குறைய 965 மீட்டர். கார் நிற்கும் இடத்தில் 3 டிகிரியில் மழைத் தூறல் என்றால் மேலே மைனஸ் 3, அதுவும் காற்றோடு. நீங்கள் முதல் இரண்டு மணி நேரம் மழையில் நனைவீர்கள், பிறகு அந்த ஈரத்தோடே உறைநிலைக்குள் நுழைவீர்கள். உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்க மைனஸ் 20 தேவையே இல்லை. நனைந்த உடையும் காற்றும் களைப்பும் சேர்ந்தால் 3 டிகிரியே போதும்.

இன்னொன்று. இந்த மலைகளின் பாதைகள் பல இடங்களில் ஓடையோடு ஓடையாகப் போகும். கோடையில் கல்லுக்குக் கல் தாவிய அதே இடம் நவம்பரில் முழுப் பனிக்கட்டிப் பாறை. அதன் மேல் உதிர்ந்த இலை மூடியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. உங்கள் மைக்ரோஸ்பைக் அங்கேதான் உதவும். அக்டோபர் தொடக்கத்திலேயே பையில் போட்டுவிடுங்கள்.

எந்த மலையானாலும் திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். 1 மணி என்றால் 1 மணி. உச்சி பத்து நிமிடத் தூரத்தில் தெரிந்தாலும் திரும்ப வேண்டும். மேலே போன பிறகு அதை முடிவு செய்யலாம் என்று நினைத்தால் உச்சி எப்போதும் கிட்டத்தில் இருப்பதாகத்தான் தோன்றும்.


நடைப்பித்தன் (ரொறன்ரோ)
செப்டம்பர் 30

நண்பர் சொன்னதில் பெரும்பகுதி சரி. ஸ்னோஷூ பற்றி மட்டும் என் கருத்து வேறு. கேஸ்கேட் மாதிரிக் கூட்டம் போகும் மலைகளில் பனி விழுந்த மறுநாளே பாதை சிமெண்ட் தரை போல இறுகிவிடும். அதில் ஸ்னோஷூ போட்டு நடப்பது முழங்காலுக்குத்தான் கேடு. மைக்ரோஸ்பைக் போதும். ஒரு சோடி 250, 300 டொலர் கொடுத்து வாங்கி, நாள் முழுக்க முதுகில் சுமந்து, அப்படியே வீட்டுக்குக் கொண்டு வருவதில் என்ன பயன்? புதிதாக வருபவர்களைச் செலவைக் காட்டிப் பயமுறுத்தக் கூடாது.


பனிப்பாதை
செப்டம்பர் 30

செலவு பற்றி நீங்கள் சொல்வது நியாயம். லேக் பிளாசிட்டிலும் கீன் பள்ளத்தாக்கிலும் நாள் வாடகைக்குக் கிடைக்கிறது, முதல் வருடம் வாங்கவே வேண்டாம். ஆனால் கொண்டுபோக வேண்டாம் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

ஹை பீக்ஸ் வனப்பகுதியில் 8 அங்குலம், அதாவது 20 சென்டிமீட்டர், பனி இருந்தால் ஸ்னோஷூ அல்லது ஸ்கீ அணிந்திருக்க வேண்டும் என்பது மாநில விதி. அந்த விதி பனியின் ஆழத்தைப் பார்க்கிறது, இறுக்கத்தை அல்ல. ரேஞ்சர் (வனக் காவலர்) அபராதமும் விதிக்கலாம்.

விதிக்குப் பின்னால் உள்ள காரணம் அபராதத்தைவிடப் பெரியது. காலை 7 மணிக்கு இறுகிக் கிடக்கும் பாதை மதியம் வெயில் பட்டதும் இளகும். அப்போது வெறும் பூட்ஸோடு இறங்குபவரின் ஒவ்வொரு அடியும் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. இரவு அந்தக் குழி இரும்பாக உறையும். மறுநாள் வருபவரின் கணுக்கால் அதற்குள் மாட்டும், ஸ்கீயில் இறங்குபவருக்கு இன்னும் மோசம். நம் வசதிக்காக அடுத்தவரின் பாதையைக் கெடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அப்புறம், உயரத்தில் ஸ்புரூஸ் மரங்கள் குட்டையாக இருக்கும். பனி அவற்றை முழுதாக மூடிவிடும், கீழ்க்கிளைகளுக்கு அடியில் மட்டும் வெற்றிடம் அப்படியே இருக்கும். பாதையிலிருந்து இரண்டடி விலகினால் இடுப்பளவு, சில சமயம் நெஞ்சளவு உள்ளே போய்விடுவோம். கிளைகள் காலைப் பிடித்துக்கொள்ளும். தனியாக இருப்பவர் வெளியே வர வெகுநேரம் ஆகும். ஸ்னோஷூ இந்த ஆபத்தை முழுதாக நீக்காது, ஆனால் நன்றாகக் குறைக்கும்.


தேன்மொழி (பர்லிங்டன், வெர்மான்ட்)
அக்டோபர் 2

விரல் விறைக்கும் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், எனக்கும் அதே பிரச்சினை உண்டு.

ஐந்து விரல் கையுறையை நம்ப வேண்டாம் என்று உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். விரல்கள் ஒன்றாக இருந்தால்தான் சூடு தங்கும். உள்ளே மெல்லிய கம்பளி உறை, அதற்கு மேல் விரல் பிரியாத பெரிய உறை, அதை மணிக்கட்டில் கயிற்றால் கட்டிவிட வேண்டும். உச்சியில் காற்று ஒன்றைப் பறித்துக்கொண்டு போனால் அன்றைய நடை முடிந்தது. பையில் எப்போதும் இன்னொரு உலர்ந்த ஜோடி இருக்கட்டும். கை குளிர்கிறதென்றால் பாதிக் காரணம் உடம்பின் நடுப்பகுதி குளிர்வதுதான். நிற்கும் ஒவ்வொரு தடவையும் முதல் வேலையாகத் தடித்த ஜாக்கெட்டைப் போட வேண்டும், பிறகுதான் தண்ணீரும் சாப்பாடும்.

பருத்தி வேண்டவே வேண்டாம். ஜீன்ஸ் மட்டுமில்லை, உள்ளே போடும் பனியன், உள்ளாடை, சாக்ஸ் எல்லாமே. நம்மவர்கள் மேலே நல்ல ஜாக்கெட் போட்டிருப்பார்கள், உள்ளே பருத்தி பனியன் வியர்வையில் ஊறியிருக்கும். மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழைதான் சரி. கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். கார் பக்கத்திலேயே கதகதப்பாக இருந்தால் அரை மணி நேரத்தில் வியர்த்துவிடும்.

குடிநீரைச் சொல்ல வேண்டும். குழாய் வைத்த தண்ணீர்ப் பை குளிர்காலத்தில் பயன்படாது, குழாய் முதலில் உறையும். அகல வாய்ப் புட்டியில் வெந்நீர் ஊற்றி, கம்பளி சாக்ஸில் போட்டு, தலைகீழாக வையுங்கள். பனிக்கட்டி மேற்பரப்பில்தான் முதலில் பிடிக்கும், தலைகீழாக இருந்தால் மூடிப் பக்கம் திறந்தே இருக்கும். கூடவே ஒரு ஃபிளாஸ்கில் இஞ்சித் தேநீர், சர்க்கரை தாராளமாக.

சாப்பாடு பல்லுக்கு இதமாக இருக்க வேண்டும். கடலை மிட்டாயும் பொரிவிளங்காயும் மைனஸ் 15இல் கல்லாகிவிடும், பல் போகும். எள்ளுருண்டையைச் சின்னதாக உருட்டி மேல்சட்டைப் பையில், உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளலாம். பேரீச்சையும் அப்படித்தான். சப்பாத்திக்குள் நெய்யும் பருப்புப்பொடியும் தடவிச் சுருட்டி எடுத்துப்போவது எங்கள் வீட்டில் வழக்கம். உட்கார்ந்து சாப்பிடும் மதிய உணவு என்று ஒன்று அங்கே கிடையாது. அரை மணிக்கு ஒரு வாய், நடந்துகொண்டே.


ஒட்டாவாக் குளிர் (ஒட்டாவா)
அக்டோபர் 3

கனடாவிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு விஷயம். எல்லை தாண்டினால் நம் மாகாண மருத்துவக் காப்பீடு மிகச் சிறிய பங்கைத்தான் கொடுக்கும். ஒருநாள் பயணம் என்றாலும் பயணக் காப்பீடு எடுங்கள், அதில் பனிக்கால மலையேற்றம் விலக்கப்படவில்லையா என்று படித்துப் பாருங்கள். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை அங்கே துப்பாக்கி வேட்டைக் காலம். நல்ல பளிச்சென்ற செம்மஞ்சள் தொப்பியோ மேலங்கியோ போட்டுக்கொள்ளுங்கள்.

மாநில ரேஞ்சர்களின் அவசர எண் 833-697-7264. எல்லா இடத்திலும் சிக்னல் இருக்காது, ஆனாலும் கைபேசியில் பதிந்து வையுங்கள். பாதைத் தொடக்கத்தில் இருக்கும் பதிவேட்டில் கட்டாயம் எழுதுங்கள். தேட வருபவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.


மேப்பிள்நிழல்
நவம்பர் 17

நேற்றுப் போய் வந்தோம். மார்சியை விட்டுவிட்டு ஃபெல்ப்ஸ் (4,161 அடி) என்று மாற்றினோம், போய்வர 14 கிலோமீட்டர் அளவு. திரும்பும் நேரம் மதியம் 12:45 என்று காருக்குள்ளேயே பேசி வைத்தோம்.

மார்சி அணை வரை சுகமான நடை. பெயர்தான் அணை, 2011இல் ஐரீன் புயல் வெள்ளம் உடைத்த பிறகு குளம் போய்விட்டது. அந்த இடம் இப்போது திறந்த புல்வெளி, அதற்குப் பின்னால் மலைகள் வரிசையாக நிற்கின்றன. மேலெல்லாம் வெள்ளை, கீழெல்லாம் பழுப்பு, நடுவில் கோடு கிழித்தது மாதிரி ஒரு எல்லை. கோடையில் இந்தக் காட்சி கிடையாது.

கிளைப்பாதையில் ஏறத் தொடங்கியதும் பனிப்பாதை சொன்னது அப்படியே இருந்தது. பாறைப் பலகைகள் முழுக்க வழுக்குப் பனிக்கட்டி, நீர் அதன் அடியில் ஓடும் சத்தம் கேட்கிறது. ஸ்பைக் போட்டும் வேகம் பாதியாகக் குறைந்தது. 12:45க்கு உச்சிக்குக் கீழே ஒரு செங்குத்தான பகுதியில் இருந்தோம். தம்பிக்கு மேலே போக ஆசை. பேசி வைத்தபடி திரும்பினோம். காருக்கு வந்தபோது ஹெட்லாம்ப் எரிந்துகொண்டிருந்தது. மனைவியின் கை கடைசி வரை சூடாக இருந்தது, தேன்மொழி அக்காவுக்கு அவள் தனியாக நன்றி சொல்லச் சொன்னாள்.


நடைப்பித்தன்
நவம்பர் 17

நன்றாகச் செய்தீர்கள். தம்பியிடம் சொல்லுங்கள், ஃபெல்ப்ஸ் எங்கும் போகாது. பிப்ரவரியில் அதே பாறைகள் நாலடிப் பனிக்கு அடியில் இருக்கும், ஏறுவது இன்னும் இலகு.


நீலப்பறவை (ஸ்கார்பரோ)
டிசம்பர் 12

இழை முழுதும் வாசித்தேன். இங்கே பெரும்பாலும் உச்சி பற்றித்தான் பேசுகிறீர்கள். எங்கள் குழுவில் அறுபது தாண்டிய இருவர் இருக்கிறார்கள். ஏற்றம் குறைவாக, அழகான ஸ்னோஷூ நடை இருக்கிறதா? அவலாஞ்ச் ஏரி பற்றி ஒருவர் சொன்னார். அவலாஞ்ச் என்றால் பனிச்சரிவு, பெயரைக் கேட்டால் பயமாக இருக்கிறது.


பனிப்பாதை
டிசம்பர் 12

உங்களுக்கு ஏற்றது மார்சி அணை வரையிலான நடைதான். தரை மெதுவாக ஏறி இறங்கும், அங்கே போய்த் தேநீர் குடித்துத் திரும்பலாம். இன்னொன்று ஹார்ட் ஏரிக்கு மேலே இருக்கும் மவுண்ட் ஜோ, 2,876 அடி. ஏற்றம் கொஞ்சம் செங்குத்து, ஆனால் குறுகிய தூரம். அந்த உச்சியிலிருந்து அல்கோன்குவின், ரைட், கோல்டன் எல்லாம் எதிரே தெரியும். ஐந்தாயிரம் அடி ஏறியவர்கள்கூட இந்தக் காட்சிக்காக மவுண்ட் ஜோவுக்குத் திரும்ப வருவார்கள்.

அவலாஞ்ச் ஏரி இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறைச் சுவர், நடுவில் ஒடுங்கிய நீர். கோடையில் சுவரோடு அடித்த மரப்பலகைகள் மேல் நடந்து கடக்க வேண்டும். நடுக்குளிரில் ஏரி மேலேயே நடந்து போகலாம், அந்த அனுபவம் அற்புதம். ஆனால் டிசம்பரில் வேண்டாம். தொடர்ந்து கடுங்குளிர் வாரங்கள் போன பிறகு, ஜனவரி பிற்பகுதியில் பார்க்கலாம். அப்போதும் நீர் உள்ளே வரும் இடம், வெளியே போகும் இடம் இரண்டையும் தவிர்க்க வேண்டும், ஓடும் நீருக்கு மேல் பனிக்கட்டி மெல்லியதாக இருக்கும்.

பனிச்சரிவு இந்த மலைகளில் கிடையாது என்று சிலர் சொல்வதைக் கேட்காதீர்கள். மரம் இல்லாத மண்சரிவுத் தடங்கள் இங்கே நிறைய. 2000 பிப்ரவரியில் ரைட் சிகரத்தின் அப்படி ஒரு தடத்தில் ஸ்கீ வீரர் ஒருவர் பனிச்சரிவில் இறந்தார். காட்டுப்பாதையில் நடப்பவர்களுக்கு அபாயம் மிகக் குறைவு. பெரிய பனிப்பொழிவுக்குப் பிந்தைய ஓரிரு நாள், அல்லது மழை பெய்து இளகிய நாள், தடங்களின் அடிவாரத்தில் நிற்காமல் கடந்து போங்கள்.


மேப்பிள்நிழல்
ஜனவரி 8

மூன்று பேருக்கும் ஸ்னோஷூ வாங்க முடிவெடுத்துவிட்டோம். கடையில் 22 அங்குலத்திலிருந்து 36 வரை வைத்திருக்கிறார்கள். நீளம் கூடினால் மிதப்பு, அதாவது பனியில் புதையாமல் நிற்கும் தன்மை, கூடும் என்று விற்பவர் சொன்னார். எது?


நடைப்பித்தன்
ஜனவரி 8

இதில் என்னை நம்பலாம். மிதப்பு கூடும் என்பது உண்மைதான், வயல்வெளிக்கும் ஏரிக்கும் நீளமானது நல்லது. ஹை பீக்ஸ் பாதைகள் ஒடுக்கமானவை, மரவேருக்கும் பாறைக்கும் இடையில் திரும்ப வேண்டும். 22 அல்லது 25 அங்குலம் போதும். உடல் எடையோடு பை எடையையும் கூட்டிப் பாருங்கள். அடியில் முன்பல் மட்டுமல்ல, இரண்டு ஓரத்திலும் நீளமாகப் பற்கள் இருக்க வேண்டும். சரிவைக் குறுக்காகக் கடக்கும்போது அதுதான் பிடிக்கும். வட்டக் குழாய்ச் சட்டம் உள்ளது அங்கே பக்கவாட்டில் சறுக்கும்.

குதிகாலுக்கு அடியில் தூக்கிவிடும் கம்பி உள்ளதா என்று பாருங்கள். செங்குத்தில் ஏறும்போது அதை நிமிர்த்தினால் கெண்டைக்கால் வலிக்காது. கையுறை போட்டபடியே பட்டியை இழுத்து மாட்ட முடிகிறதா என்று கடையிலேயே செய்து பாருங்கள். மலையில் வெறுங்கையோடு பட்டி மாட்டினால் விரலின் கதை என்ன என்று உங்கள் மனைவிக்குத் தெரியும்.

செப்டம்பரில் மைக்ரோஸ்பைக் போதும் என்று எழுதியவன்தான் நான். இறுகிய பாதைக்கு அதுதான் நல்ல கருவி என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் பாதையைக் குழியாக்குவது பற்றிப் பனிப்பாதை சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. இரண்டையும் கொண்டுபோங்கள்.


மேப்பிள்நிழல்
ஜனவரி 22

வரும் சனிக்கிழமை கேஸ்கேட், 4,098 அடி. புது ஸ்னோஷூவோடு முதல் உச்சி. முன்னறிவிப்பில் உச்சியில் மைனஸ் 15, காற்று மணிக்கு 50 கிலோமீட்டர், வானம் தெளிவு. மைனஸ் 15 மொன்றியலில் சாதாரணம்தானே, போகலாமா?


தேன்மொழி
ஜனவரி 22

அந்தக் காற்றோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் தோலுக்கு அது மைனஸ் 29. மொன்றியலில் பஸ் நிறுத்தத்தில் பத்து நிமிடம் நிற்பது வேறு. கேஸ்கேட் உச்சி மொட்டைப் பாறை, ஒதுங்க ஒரு மரம் கிடையாது. முகம் முழுக்க மூடும் துணியும் ஸ்கீ கண்ணாடியும் மூன்று பேரிடமும் இருக்கிறதா? இல்லையென்றால் மரங்கள் முடியும் இடத்தோடு திரும்புங்கள். ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்துக்கொண்டே இருங்கள். மூக்கு நுனியிலோ கன்னத்திலோ மெழுகு மாதிரி வெள்ளைத் திட்டு தெரிந்தால் உடனே இறங்க வேண்டும், அவருக்கு அது வலிக்காது, அதனால் அவராகச் சொல்ல மாட்டார்.

பேச்சு குழறுகிறது, கால் தடுமாறுகிறது, கையுறையைக் கீழே போடுகிறார், எரிச்சலோடு பதில் சொல்கிறார் என்றால் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். உடம்பு குளிர்ந்துகொண்டிருக்கிறது. உலர்ந்த உடை, சர்க்கரைத் தேநீர், கீழே இறங்குதல், இந்த வரிசையில். நெருப்பு மூட்டலாம் என்று எண்ண வேண்டாம், கிழக்கு ஹை பீக்ஸில் அதற்கு அனுமதி இல்லை, உறைந்த காட்டில் அது எளிதில் எரியவும் எரியாது.


பனிப்பாதை
ஜனவரி 22

என் யோசனை: கேஸ்கேடை அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்கள். சனிக்கிழமை நான் லாட்ஜ் பக்கம்தான் வருகிறேன். நீலப்பறவை குழுவும் அன்று வருவதாகத் தனிமடலில் சொன்னார்கள். எல்லோருமாக மார்சி அணை வரை போகலாம், காடு காற்றைத் தடுக்கும். புது ஸ்னோஷூவைப் பழக அதைவிட நல்ல பாதை இல்லை. நேரம் இருந்தால் மதியம் மவுண்ட் ஜோ.


மேப்பிள்நிழல்
ஜனவரி 23

வீட்டில் பேசினோம், சரி. கண்ணாடி இரண்டுதான் இருக்கிறது, அதனால் கேஸ்கேட் இப்போது இல்லை. சனி காலை 8 மணிக்கு லாட்ஜ் கார் நிறுத்துமிடத்தில் இருப்போம், நீலச் சுபாரு. எல்லையில் வரிசை நீளமாக இருந்தால் 8:30 ஆகலாம். எங்களுக்காகக் குளிரில் காத்து நிற்க வேண்டாம், பதிவேட்டில் எழுதிவிட்டு நடக்கத் தொடங்குங்கள், நாங்கள் வந்து சேர்ந்துகொள்கிறோம்.


நீலப்பறவை
ஜனவரி 23

நாங்கள் வெள்ளி இரவே லேக் பிளாசிட்டில் தங்குகிறோம். ஸ்னோஷூ வாடகைக்கு எடுக்கும் கடை காலை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று நாளை அழைத்துக் கேட்டு இங்கே எழுதுகிறேன். தாமதமாகத் திறந்தால் வெள்ளி மாலையே எடுத்துவிடுவோம். தேன்மொழி, நீங்களும் ஏரிக்கு அந்தப் பக்கம்தானே, வர முடியுமா?


தேன்மொழி
ஜனவரி 23

வருகிறேன். சாம்ப்ளேன் ஏரியைச் சுற்றிப் பாலம் வழியாக வர வேண்டும், 8 மணிக்கு முன்பே அங்கே இருப்பேன். பெரிய கையுறை ஒரு ஜோடி கூடுதலாகக் கொண்டு வருகிறேன், அறுபது தாண்டிய இருவரில் யாருக்காவது தேவைப்பட்டால் கேளுங்கள்.